கட்டை மேல் நின்ற வண்டி

கேட் திறந்து கிடந்தது.

சீனிவாசலு ஷெட் வாசலில் நின்று கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தான். காலையில் அவனே சாத்திக் கொக்கி மாட்டிய கேட். இப்போது இரண்டு கதவுகளும் சுவரோடு சுவராகத் தள்ளப்பட்டிருந்தன, வேகம் குறைக்காமல் வரப்போகும் ஒரு வண்டிக்கு வழி விட்ட மாதிரி. தை மாதத்து வெயில் மஞ்சளாகச் சாய்ந்து, மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று லேசாகச் சில்லென்று வர ஆரம்பித்திருந்தது. கேட்டுத் தூணைப் பிடித்தபடி, முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கனகம் வேலிகளுக்கு நடுவே ரோட்டில் இருந்து வரும் இட்டேரிப் பாதையையே பார்த்து நின்றாள்.

"ஏனுங்க வதினா, யாராச்சும் வாராங்களா?"

அண்ணன் மனைவியை அந்த வீட்டில் வதினா என்றுதான் கூப்பிடுவார்கள். தெலுங்கு அவர்களிடம் சமையற்கட்டோடு நின்றுபோய்ப் பல காலமாகிவிட்டது. உறவுமுறைகள் மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"வண்டி வார சத்தம் கேட்டுச்சுங்க தம்பி," என்றாள் கனகம். பால்காரர் வந்தார் என்பது போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. உதடு கோணியது. கேட்டைச் சாத்தாமல் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

சீனிவாசலு இட்டேரியை எட்டிப் பார்த்தான். அந்த இட்டேரி வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தவன் ஒரே ஒருவன்தான், அவனுடைய அண்ணன் நரசிம்மலு. அவன் செத்து வருஷம் திரும்பப் போகிறது.

நரசிம்மலுவுக்குக் கேட் முன்னால் காத்து நிற்பது பிடிக்காது. காரமடைவரை வண்டியை விரட்டிவிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பி வரும்போது, வாய்க்கால் பாலத்தில் ஆக்ஸிலேட்டரை மூன்று முறை விட்டு விட்டு மிதிப்பான். எஞ்சின் மூன்று முறை மூச்சை விட்டுப் பிடிக்கும். அதைக் கேட்டால் கனகம் அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறப்பாள். அவன் இட்டேரிக்குள் வளைந்து, அப்படியே பறந்து உள்ளே வந்து நிற்பான். அவன் பின்னால் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் அவள் திரும்புவாள். புருஷன் பெண்டாட்டிக்குள் அது ஒரு விளையாட்டு. கடைசி நாளிலும் சத்தம் கேட்டது, அவளும் திறந்தாள். வண்டிதான் உள்ளே வரவில்லை. இட்டேரி திரும்பும் வளைவில் நின்ற புளியமரம் அவனை வாங்கிக்கொண்டது.

திறந்த கேட்டைச் சீனிவாசலு போய்ச் சாத்தவில்லை. ஏனென்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஷெட்டுக்குள் திரும்பினான்.

உள்ளே நான்கு மரக்கட்டைகள் மேல், சக்கரங்கள் தரையில் படாமல், பச்சை நிறக் கார் நின்றுகொண்டிருந்தது. வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன இரண்டு சீட் வண்டி. சீனிவாசலு ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டியிருந்தான். எஞ்சின் தலையைச் சீவி அழுத்தத்தை ஏற்றி, கேம் ஷாஃப்டை மாற்றி வெட்டி, இரட்டைக் கார்பரேட்டர் வைத்து, சாதுவாக இருந்த எஞ்சினைப் பாயும் எஞ்சினாக்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் பந்தயம். நாளைக் காலை லாரி வரும். ஓட்டப்போவது தம்பி ராமுலு. இருபத்து நான்கு வயது, மீசை இப்போதுதான் முறுக்க வந்திருக்கிறது, அண்ணன் ஓட்டாமல் விட்ட பந்தயத்தைத் தான் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சீனிவாசலு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று தன் மனசுக்குப் பட்டால்தான் அனுப்புவேன். குறை இருந்தது. எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தது.

எப்போதும் இல்லை. ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடேறும்வரை பட்டு மாதிரி ஓடும். பிறகு திடீரென்று ஒரு தொய்வு. உடனே சரியாகிவிடும். சற்றுப் பொறுத்து இன்னொன்று, சிலசமயம் நீளமாக, சிலசமயம் இரண்டு சேர்ந்து. முழு வேகத்தில் வளைவு எடுக்கும்போது எஞ்சின் இப்படிக் கைவிட்டால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. தம்பியின் பிணத்தையும் பார்க்கும் தெம்பு சீனிவாசலுவுக்கு இல்லை.

அவன் தேடாத இடமில்லை. ஒன்றிரண்டு மிஸ்ஸிங் விழுந்ததுமே சுவிட்சை அணைத்து, ப்ளக்குகளைச் சுடச்சுடக் கழற்றிப் பார்ப்பது அவன் வழக்கம். எந்தச் சிலிண்டர் எரியவில்லையோ அதன் ப்ளக் கறுத்தோ ஈரமாகவோ காட்டிக்கொடுத்துவிடும். நான்கும் ஒரே மாதிரி, நல்ல கொட்டைப்பாக்கு நிறத்தில் இருந்தன. கண்டென்சரை மாற்றினான். பாயிண்டைத் தேய்த்தான். ஒயர்களை எல்லாம் புதிதாகப் போட்டான். பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினான். குறை நகரவில்லை. ஒரு சிலிண்டர் தவறினால் எஞ்சின் நொண்டும். இது நொண்டவில்லை. நான்கும் ஒன்றாகத் தணிந்து, ஒன்றாக எழுந்தன. அப்படி ஒரு மிஸ்ஸிங்கை அவன் கேட்டதே கிடையாது. ஆனாலும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அதுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

ராமுலு டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

"மத்தியானம் நீ ஓட்டிப் பாத்தியா?"

"ஆமாங்ணா. நீங்க பவுண்டரிக்குள்ள இருந்தீங்கல்ல, சும்மா உடுவானேன்னு கட்டை மேலயே ஓட்டினேன். பெட்ரோல் தீந்து தானா நின்னுபோச்சு."

"மிஸ்ஸிங் உழுந்துச்சா?"

"நெறைய உழுந்துச்சுங்ணா. கடைசில டக், டக், டக்குன்னு மூணு. அதோட நின்னுபோச்சு."

சீனிவாசலு வதினாவின் முகத்தை நினைத்தான். நினைத்ததைத் தள்ளிவிட்டான். துணி மாட்டும் ஆணியில் இருந்து நீள ஸ்குரூ டிரைவரை எடுத்தான். நுனியை எஞ்சினில் வைத்து, மரக் கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டால் உள்ளே ஒரு பிஸ்டன் முனகுவதுகூடத் தெரியும். இந்தத் தடவை மிஸ்ஸிங் விழுந்தாலும் அணைக்கப் போவதில்லை, முழுசாக ஓடவிட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். டேங்கில் நிறையப் பெட்ரோல் ஊற்றினான். ஷெட் கதவைச் சாத்தினான், வெளிச் சத்தம் காதில் கலக்கக் கூடாது என்பதற்காக.

"ஏறி உக்காரு கண்ணு. நாலாவது கியர். கால ஒரே எடத்துல வெச்சிரு. ஆட்டாத."

"சரிங்ணா."

எஞ்சின் உறுமி எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அந்தரத்தில் பின் சக்கரங்கள் சுழன்று, ஆரக்கால்கள் ஒன்றோடொன்று கரைந்து வெறும் மினுக்கலாயின. சூடேறும் எண்ணெயின் வாசனை, பெட்ரோல் வாசனை, பெயிண்டின் காட்டம். அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை, மெல்லப் புளிப்பாக, இனிப்பாக, பழுத்த புளி ஓடு உடைகிற வாசனை.

"பின்னால வதினா புளி தட்டறாங்களா?" சீனிவாசலு சத்தத்துக்கு மேலே கேட்டான்.

"நம்மூட்டுல இந்த வருசம் புளி ஏதுங்ணா? மரந்தான் இல்லியே."

மரம் இல்லை. உண்மைதான். கருமாதி முடிந்த மறுநாளே சீனிவாசலு அதை வேரோடு சாய்த்திருந்தான். அண்ணனைக் கொன்ற வண்டியை வீட்டில் வைக்கக் கூடாது, யாருக்காவது தள்ளிவிடுங்கள் என்றார்கள் பெரியவர்கள். உக்கடத்துப் பழைய இரும்புக்காரர்கூட வந்து பார்த்தார். சீனிவாசலுவுக்கு மனசு ஒப்பவில்லை. அதன் சாமான் ஒன்றுகூட இன்னொருவன் வண்டியில் ரோட்டில் ஓடக் கூடாது. சொந்தமாகப் பவுண்டரி வைத்திருக்கிறவன் எதற்கு ஊராரிடம் போக வேண்டும்? மரத்தைப் பிளந்து அடுப்பில் வைத்தான், வண்டியை உடைத்து உலோகம் உருக்கும் மூசையில் போட்டான். கொன்ற இரண்டையும் ஒரே தீயில் தீர்த்தேன் என்று அன்றைக்கு அவனுக்கு ஒரு ஆறுதல். உலையைப் பார்த்துக்கொண்ட காளிச்சாமி, "புளிய வெறகு மாதிரி நின்னு எரியறது வேற இல்லீங்க," என்று சொன்னது நினைவிருக்கிறது. மூன்று நாள் நின்று எரிந்தது.

உருகி வந்த அலுமினியக் கட்டிகள் மூலையில் கிடந்தன. பச்சைக் காருக்கு உச்சி மேடான பிஸ்டன்கள் வேண்டியிருந்தது. வெளிநாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் கிடைக்காத வருஷம். காளிச்சாமி ஒரு கட்டியைத் தட்டிப் பார்த்து, "இதவுட நல்ல அலுமினியம் சீமைக்குப் போனாத்தானுங்க கெடைக்கும்," என்றான். சீனிவாசலு சற்று யோசித்தான், சற்றுத்தான். உருகிப்போனால் எல்லாம் புதுசு. அவன் பவுண்டரியில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. நல்ல உலோகத்தைச் சும்மா போடுவதுதான் அவனுக்குப் பாவமாகப் பட்டது. நான்கு பிஸ்டன்களையும் அதிலேயே வார்த்தான்.

முதல் தொய்வு விழுந்தது.

ஸ்குரூ டிரைவர் வழியாகக் காதுக்குள் நேராக வந்தது. அணைக்கக் கை துடித்தது. அடக்கிக்கொண்டான். நீளமான தொய்வு, பிறகு தயங்கி மெதுவாக ஏறி, மறுபடி சீரான ஓட்டம்.

"கால ஆட்டினியா?"

"இல்லீங்ணா."

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு சிறிய தொய்வுகள், ஒரு நிறுத்தம், இன்னொன்று, குழப்பமாக, முன்னும் பின்னும், யாரோ கூட்டத்துக்குள் வழி கேட்டுக் கேட்டுப் போவது மாதிரி. சீனிவாசலு கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் மாட்டு வண்டிகள் தெரிந்தன. பெரியநாயக்கன்பாளையம் கடைவீதி. பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்து நிற்க, அவற்றுக்கு நடுவே அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை சாயந்திரம் அவன் இப்படியே விட்டு விட்டு வந்திருக்கிறான்.

கண்ணைத் திறந்தான். சுவர். ஆணியில் தொங்கும் ஸ்பானர்கள். கட்டை மேல் நிற்கும் வண்டி.

அப்படியென்றால் முதலில் விழுந்த நீளத் தொய்வு ரயில்வே கேட். அங்கே தண்டவாளம் குலுக்கும், அண்ணன் காலை முழுக்க எடுத்துவிடுவான். அதற்குப் பிறகு வந்தது நேர் ரோடு. இப்போது எஞ்சின் மறுபடி பாய்ந்துகொண்டிருக்கிறது. இனி துடியலூர் வளைவு வர வேண்டும். ஒரே ஒரு தொய்வு, கூர்மையாக, அப்புறம் உடனே முழு மிதி.

வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். வந்தது.

இது மிஸ்ஸிங் இல்லை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அதனால்தான் எதுவும் அகப்படவில்லை. இது ஒரு கால். ஆக்ஸிலேட்டரை எடுத்து எடுத்து வைக்கிற, அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கால். கட்டை மேல் நின்றபடியே இந்த வண்டி காரமடையில் இருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. இத்தனை நாளும் ஒன்றிரண்டு தொய்விலேயே அணைத்து அணைத்து அவனே அதை நடுவழியில் நிறுத்திக்கொண்டிருந்தான். மத்தியானம் பாலத்தோடு பெட்ரோல் தீர்ந்தது.

இப்போது டேங்க் நிறைய இருக்கிறது.

"ராமுலு, கால எடு. போதும்."

"நான் எப்பவோ எடுத்துப்போட்டனுங்ணா."

குனிந்து பார்த்தான். ராமுலுவின் இரண்டு பாதங்களும் சீட்டுக்கு அடியில் மடங்கியிருந்தன. முன்னால் ஆக்ஸிலேட்டர் கட்டை தனியாக அடிவரை அழுந்தியிருந்தது. மெல்ல மேலே வந்தது. மறுபடி அழுந்தியது.

சீனிவாசலு சுவிட்சை அணைத்தான். எஞ்சின் ஓடியது. அதிகச் சூட்டில் சிலசமயம் இப்படி ஓடும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். ப்ளக் ஒயர்களைப் பிடுங்கினான். ஒன்று. இரண்டு. கை சுட்டது. மூன்று. நான்கும் கையில் தொங்கின. எஞ்சின் ஓடியது. பெட்ரோல் குழாயை முறுக்கி மூடினான். ஓடியது. இன்னும் வேகமாக.

"எறங்கு கண்ணு. எறங்கு."

ராமுலு இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். கண் சுருங்கி எதிரே பார்த்துக்கொண்டிருந்தது, சுவரை அல்ல, சுவருக்கு வெகு தொலைவுக்கு அப்பால். அவன் முடி பின்னால் பறந்துகொண்டிருந்தது. சட்டைக் காலர் படபடத்தது. சாத்திய ஷெட்டில் ஒரு சிலந்தி நூல்கூட ஆடவில்லை.

தோளைப் பிடித்து இழுத்தான். தம்பியின் உடம்பு பனிக்காற்றில் வந்தவன் உடம்பு மாதிரி சில்லிட்டிருந்தது. இழுக்க இழுக்க அசையவில்லை.

"உடுங்ணா," என்றான் ராமுலு. பதற்றமே இல்லாத குரல். "பாலம் வருது."

தொய்வு.

தொய்வு.

தொய்வு.

வெளியே ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. கேட்டை நோக்கி. "வதினா, வேண்டாமுங்க," என்று சீனிவாசலு கத்தினான். கேட் ஏற்கனவே திறந்துதான் கிடக்கிறது என்பது கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவன் சாத்தவில்லை. சாத்தாமல் வந்துவிட்டான்.

எஞ்சின் ஊளையிட்டது. அவனே ஏற்றிக் கொடுத்த வேகம். அவனே வெட்டிய கேம். எந்தப் பந்தயத்திலும் எந்த வண்டியும் தராத, அவ்வளவு அழகான முழு வேகம். கூரைத் தகரம் ஆணியோடு துடித்தது. புளி வாசனை தொண்டையை அடைத்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் சுழன்றது. முன் சக்கரங்கள் அந்தரத்தில் திரும்பின.

வண்டிக்கு எதிரே, பானெட்டுக்கும் சுவருக்கும் நடுவே, ஷெட் விளக்கின் வெளிச்சம் விழவில்லை. அங்கே ஒன்றுமில்லை. ஆனால் வெளிச்சம் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"அண்ணா," என்றான் ராமுலு. இப்போது அது அவனுடைய குரல். சின்னக் குரல். "அண்ணா, மரம்."

சத்தம் ஒரே ஒரு முறைதான் கேட்டது.

சீனிவாசலு தரையில் கிடந்தான். எப்படி விழுந்தான் என்று தெரியவில்லை. எழுந்தான். கார் கட்டைகளை விட்டு ஒரு இம்மிகூட நகரவில்லை. நான்கு கட்டைகளும் அவன் வைத்தது வைத்த இடத்தில் இருந்தன. வண்டியின் முன்பக்கம் மட்டும் உள்ளே மடிந்து போயிருந்தது, இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் அளவு உருண்டையாக, ஒன்றுமே இல்லாத ஓரிடத்தைச் சுற்றி. உடைந்த ரேடியேட்டரில் இருந்து எழுந்த ஆவி நேராக மேலே போகாமல் அந்த வெற்றிடத்தைத் தழுவித் தழுவி ஏறிக் கூரையில் கிளை பிரிந்தது. ராமுலு ஸ்டியரிங் மேல் மார்பைச் சாய்த்து, தலையை வலப்பக்கம் திருப்பி வைத்திருந்தான். அண்ணனைத் தூக்கியபோது அவன் தலையும் அப்படித்தான் திரும்பியிருந்தது. தம்பியின் முடி இப்போது பறக்கவில்லை. அதில் சின்னச் சின்னப் புளிய இலைகள் ஒட்டியிருந்தன.

சீனிவாசலுவின் கையில் நான்கு ஒயர்களும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக, சீராக, வீட்டுக்கு வந்து நின்ற வண்டி ஓடுவது போல. காதை வைத்துக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு மிஸ்ஸிங்கும் இல்லை.

வெளியே கனகம் கேட்டைச் சாத்தினாள். கொக்கி விழும் சத்தம் கேட்டது.